பார்சல் சேராவிட்டால்

இருபத்திரண்டு வருஷமாகப் பொய் எழுதிப் பிழைக்கிறவன் நான். உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். பார்சல் ஆபீஸ் தாழ்வாரத்தில், மூன்றாம் ஜன்னலுக்கு எதிரே, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நாலு பேனா, ஒரு கட்டு கார்பன் தாள். இதுதான் என் கடை. வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப வருகிறவர்கள் சுங்க ஃபாரத்தைக் கையில் வாங்கியதுமே பேயறைந்த மாதிரி நிற்பார்கள். உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு, பரிசா, விற்பனையா, மாதிரிச் சரக்கா என்று வரிசையாகக் கேள்வி. படித்தவர்களுக்கே தலை சுற்றும். என்னிடம் வந்து உட்காருவார்கள். நான் எழுதிக் கொடுப்பேன்.

உள்ளே புதுக் கைக்கடிகாரம் இருக்கும். "பழைய துணி" என்று எழுதுவேன். கேமரா இருக்கும், அதுவும் பழைய துணிதான். ஏனென்றால் அந்த ஃபாரத்தைச் சுங்கக்காரன் ஒரு தடவை படிக்கிறான், வழியில் இருக்கிற கை நீளமானவன் பத்துத் தடவை படிக்கிறான். பழைய துணியை எவன் திருடுவான்? என் கையால் எழுதிப் போன பார்சலில் பத்துக்கு ஒன்பது பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஃபாரத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். "பார்சல் சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும்?" கீழே இரண்டு கட்டம். ஒன்று, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பு. இன்னொன்று, கைவிடப்பட்டதாகக் கொள். நான் எல்லாருக்கும் இரண்டாவதில்தான் டிக் போடுவேன். கடை போட்ட முதல் வருஷம் ஒருவருடைய பார்சல் திரும்பி வந்து, அதற்கு இரண்டு மடங்கு தண்டம் கட்டச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் நேரே வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். அன்றைக்கு எடுத்த முடிவு. அதற்கப்புறம் யாரையும் கேட்பதில்லை, இரண்டாவது கட்டம், டிக். சொந்த வீட்டில் இருட்டில் கை சுவிட்சைத் தேடிப் போகுமே, அது மாதிரி என் கை தானாகப் போகும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மகள் வெளிநாட்டில் நர்ஸ். மூன்று வருஷம் ஆகிறது. போகும்போது குழந்தைக்கு இரண்டு வயசு, எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். வாண்டுக்கு இப்போது ஐந்து. குழந்தையின் அப்பன் அதற்கு ஒரு வயசு ஆகும்போதே கழன்றுகொண்டான். இப்போது அவனுக்கு வேறு குடும்பம், வேறு பிள்ளை. குழந்தையைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொள்ள மகள் மனுப் போட்டபோது, "தகப்பனின் சம்மதக் கடிதம், அசல்" என்று கேட்டார்கள். நகல் செல்லாதாம். என் வீட்டுக்காரி பதினோரு மாதம் அந்தப் பயல் வாசலுக்கு நடந்தாள். செருப்புத் தேய்ந்தது என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே இரண்டு ஜோடி தேய்ந்தது. கடைசியில் வக்கீல் முன்னால் ஒரு கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போதே சொன்னான்.

"இதோட சரி. இன்னொரு கையெழுத்துன்னு யாராவது என் வாசப்படி மிதிச்சீங்க, நடக்கறதே வேற."

ஆக உலகத்தில் அந்தக் காகிதம் ஒன்றே ஒன்றுதான். அது மகள் கைக்குப் போனால் குழந்தை அவளிடம் போகும். போகாவிட்டால் மனு மூடப்படும், குழந்தை இங்கேயே இருக்கும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கடிதமாக அனுப்பலாம் என்றாள் மகள். நான் விடுவேனா? தொழில் தெரிந்தவன் அல்லவா! "கடுதாசின்னா கவரைப் பாத்தே முக்கியமானதுன்னு கண்டுபிடிச்சுடுவான். பேசாம இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். வாண்டுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனின் உள் துணிக்கும் வெளித் துணிக்கும் நடுவே காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையோடு வைத்து, வீட்டுக்காரி தைத்தாள். கூட மூன்று பழைய கவுன். ஃபாரத்தில் "குழந்தையின் பழைய துணி, நான்கு" என்று எழுதினேன். பெட்டியை ஒட்டியாகிவிட்டது. டீ குடிக்கப் போய்விட்டு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த டீ நேரத்தில்தான் வினை. தொண்டை கட்டிக்கொள்கிறது என்று மகள் ஃபோனில் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரி டேப்பைப் பிரித்து, தானே இடித்து வைத்திருந்த சளிப் பொடியை ஒரு பொட்டலமாகக் கட்டி உள்ளே சொருகி, மறுபடி ஒட்டிவிட்டாள். பேர் இல்லை, சீட்டு இல்லை, பழுப்பு நிறப் பொடி. எந்த ஊர்ச் சுங்கக்காரன் இதைச் சளிப் பொடி என்று நம்புவான்?

பதினாறு நாள் கழித்து மூன்றாம் ஜன்னல் அம்மா கையசைத்துக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வருஷமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். முகம் சரியில்லை.

"அண்ணே, உங்க பார்சலை அங்க நிறுத்திட்டாங்க. ஃபாரத்துல சொல்லாத தூள் ஏதோ இருக்காம். உள்ள விட மாட்டாங்களாம்."

"சரி, திரும்பி வரட்டும். வேற வழியா அனுப்பிக்கறேன்" என்றேன்.

அவள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். என் ஃபாரத்தின் படம். என் கையெழுத்து, முத்து முத்தாக. கீழே, இரண்டாவது கட்டத்தில், ஒரு டிக்.

"கைவிட்டதுன்னு போட்டிருக்கீங்களேண்ணே. பத்து நாள்ல அழிச்சுடுவாங்க."

திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற ஒருத்தர் "சார், ஆச்சா?" என்று தோளைத் தட்டினார். அவரை ஒரு முறை முறைத்தேன், பாவம், இரண்டடி தள்ளிப் போய்விட்டார்.

அவள் ஒரு ஃபாரம் எடுத்துக் கொடுத்தாள். அனுப்பியவர் தன் உத்தரவை மாற்றிக்கொள்வதற்கு என்று ஒன்று இருக்கிறதாம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்க்காத ஃபாரம். உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் உண்மையாக எழுத வேண்டும். உத்தரவை ஏன் மாற்றுகிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டும், அதுவும் சொந்த வார்த்தையில்.

"காரணம் சரியா இல்லைன்னா அங்கேயே தள்ளிடுவாங்க. யோசிச்சு எழுதுங்க" என்றாள்.

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் ஃபாரம் எழுதினவன், காரணம் என்ற கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. பெட்டியோடு வந்து நின்ற ஒரு பெண்ணிடம், "இன்னிக்குக் கடை இல்லைம்மா, போ" என்று கத்திவிட்டு, ஃபாரத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்ல நான் வாயைத் திறந்ததும் வீட்டுக்காரியும் திறந்தாள்.

"பொடியா? நானா? ஏங்க, ஒரு பொட்டலம் பொடி போட்டது குத்தமா? நீங்க பழைய துணின்னு எழுதலையா? நாலு துணிக்கு நடுவுல உசிரை வச்சுத் தெச்சு அனுப்பிட்டு, வாய் கூசாம பழைய துணின்னு எழுதினீங்களே!"

"எழுதினது சரிதான்டி. நீ உள்ள கைய விட்டதுதான் தப்பு. ஒட்டின பெட்டியைப் பிரிக்கற புத்தி எவளுக்காவது வருமா?"

"பொடியால நின்னுச்சு, சரி. அழிக்கச் சொன்னது யாரு? நானா டிக் போட்டேன்?"

அந்த நேரம் பார்த்து டக், டக் என்று சத்தம். வாண்டு வந்து நின்றாள். காலில் பெரிய பூட்ஸ். அங்கே குளிருமாம், அதற்காக ஒரு மாதம் முன்னாலேயே வாங்கியது. வளர்கிற கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிட்டாள் வீட்டுக்காரி. வாங்கின நாளிலிருந்து குழந்தை அதைக் கழற்றுவதே இல்லை. சாப்பிடும்போதும் பூட்ஸ், வீட்டுப்பாடம் எழுதும்போதும் பூட்ஸ். நடந்து பழகுகிறாளாம்.

"எதுக்குச் சண்டை போடறீங்க?" என்றாள்.

"சண்டை இல்லடா கண்ணு. உங்க தாத்தாவுக்குக் காது மந்தம், அதான் சத்தமாப் பேசறேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

மறுநாள் காலையில் மகள் கூப்பிட்டாள். டூட்டி முடிந்து வந்த களைப்பு குரலில் தெரிந்தது. வீட்டுக்காரி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டாவது கட்டம், தெரிஞ்சு போட்டீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"நான் கிளம்பறப்போ ஏர்போர்ட்ல சொன்னீங்கப்பா. என்ன வேணாலும் கேளு, குழந்தையை மட்டும் கேக்காதேன்னு. மறந்துட்டீங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பெத்த அப்பனைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? இருபத்திரண்டு வருஷக் கைப்பழக்கம். கை தானாப் போட்டுச்சு. அவ்வளவுதான்!" என்று கத்தினேன். அவள் "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சூட்டோடு ஃபாரத்தை எழுதினேன். உள்ளே இருப்பது: பழைய கவுன் நான்கு. வீட்டில் இடித்த சளிப் பொடி ஒரு பொட்டலம். மஞ்சள் கவுனுக்குள் தைத்த சம்மதக் கடிதம் ஒன்று. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுங்கக்காரனுக்கு நிஜத்தை எழுதினேன், ஏதோ சட்டையைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. காரணம் என்ற இடத்தில், "கைப்பழக்கத்தால் நேர்ந்த தவறு. காகிதம் போனால் ஒரு குழந்தை தாயிடம் போக முடியாது. தயவுசெய்து அழிக்க வேண்டாம், திருப்பி அனுப்பவும்" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் ஜன்னல் அம்மா அப்போதே அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு காத்திருப்பு. எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் மேஜையில் உட்கார்ந்துதான் இருந்தேன், ஆனால் கட்டிப்போட்ட மாடு மாதிரி. ஜன்னலையே பார்ப்பேன். எந்த ஃபாரத்தை எடுத்தாலும் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிடும். "சேரலைன்னா திருப்பி வேணுமா, விட்டுடலாமா?" என்று ஒவ்வொருத்தரையும் கேட்டேன். ஆளாளுக்கு எரிச்சல்பட்டார்கள். "ஏன் சார் அபசகுனமாப் பேசறீங்க? சேராம எங்க போவும்?" என்றார் ஒருவர். இன்னொரு அம்மாள், கால் மணி நேரம் யோசித்துவிட்டு, வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பவே இல்லை. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பூட்ஸ் சத்தம் மட்டும் அறைக்கு அறை போய்வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் ஜன்னல் அம்மா எழுந்து நின்று சிரித்தாள். "அழிக்கறதை நிறுத்திட்டாங்கண்ணே! திரும்பி வருது!" என்றாள். தாழ்வாரத்தில் அத்தனை பேர் நடுவில், வெட்கத்தை விட்டு அழுதேன். மகள் அங்கே கெஞ்சிக் கூத்தாடி மனுவுக்கு இன்னும் ஒரு மாதம் தவணை வாங்கினாள்.

பெட்டி ஒரு வியாழக்கிழமை பகலில் வந்து சேர்ந்தது. வாண்டு பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். பெட்டியைச் சுற்றிச் சுங்கக்காரன் டேப். உள்ளே பொடியைக் காணோம். மஞ்சள் கவுனை எடுத்துத் தையலைப் பிரித்தேன். காகிதம் கசங்காமல் இருந்தது. அந்தப் பயலின் கையெழுத்து, வக்கீல் முத்திரை, எல்லாம் பத்திரம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். பெட்டி வந்தது இன்னும் யாருக்கும் தெரியாது. வரும்போதே காகிதம் இல்லை, சுங்கக்காரன் பொடியோடு சேர்த்து எடுத்துவிட்டான் என்று சொன்னால், யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? இந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. கை தானாகப் போட்டது என்று மகளிடம் சொன்னேனே, அது பாதிதான் உண்மை. டிக்கைப் போட்டது கைதான். ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் கார்பன் பிரதியை மடிக்கும்போது அந்த டிக்கை நான் பார்த்தேன். மூன்றாம் ஜன்னல் திறந்துதான் இருந்தது. பெட்டி இன்னும் அந்த அம்மாவின் பக்கத்தில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். வைக்கவில்லை. கிடக்கட்டும், எங்கே போகப்போகிறது என்று மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்போது மனசுக்குள் ஒரு ஓரத்தில் லேசாக இருந்தது. அது எதனால் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குழந்தை போவதை நான் விரும்பவில்லை. அதுதான் காரணம். அந்த ஃபாரத்தில் எழுதியிருக்க வேண்டியதும் அதுதான்.

மகளைக் கூப்பிட்டேன். பெட்டி வந்தாயிற்று, காகிதம் பத்திரம் என்றேன். அவள் "அப்பாடா" என்று மூச்சுவிட்ட அந்த இடத்திலேயே, டிக்கைப் பார்த்ததையும், திருத்தாமல் மடித்து வைத்ததையும் சொன்னேன்.

"அப்பா" என்றாள். "இந்தத் தடவை நீங்க ஃபாரம் எழுத வேணாம். வேற யாராவது எழுதட்டும்."

திட்டியிருக்கலாம். அப்பனா நீ என்று கேட்டிருக்கலாம். அதெல்லாம் பரவாயில்லை. ஊரே நம்பி என் மேஜைக்கு வருகிறது, பெற்ற மகள் என் கையை நம்பவில்லை. அவள் நம்பாததும் சரிதான், அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் என் நாற்காலியில் உட்காராமல், மூன்றாம் ஜன்னல் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். தெரிந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, நீங்களே வரிசைல?" என்று ஒருவர் பல்லைக் காட்டினார். காட்டிவிட்டுப் போகட்டும்.

என் முறை வந்தது. காகிதத்தை உறையோடு வைத்தேன். "நீங்களே எழுதுங்கம்மா" என்றேன்.

"விளையாடறீங்களா? நாங்க எழுதக் கூடாதுண்ணே, ரூல் இருக்கு."

"என் பொண்ணு நான் எழுத வேணாம்னுட்டா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்காமல் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள என்ன?"

"தகப்பனோட சம்மதக் கடிதம். அசல்."

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு."

எழுதிக்கொண்டே வந்தவள் கடைசியில் நிறுத்தினாள். "சேரலைன்னா? திருப்பி அனுப்பணுமா, விட்டுடலாமா?"

அந்த எட்டு நாளைத் தவிர, இருபத்திரண்டு வருஷம் நான் யாரிடமும் கேட்காத கேள்வி. திருப்பி என்று சொன்னால் காகிதம் என் வீட்டுக்கு வரும், குழந்தையும் என் வீட்டிலேயே இருக்கும். விட்டுவிடு என்றாலும் குழந்தை என் வீட்டில்தான் இருக்கும். இரண்டு கட்டத்திலும் எனக்கு வேண்டியதுதான் இருந்தது.

"ரெண்டும் வேணாம்மா. அது போய்ச் சேரணும்" என்றேன்.

"அதுக்குக் கட்டம் இல்லையேண்ணே. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"திருப்பி" என்றேன். அவள் முதல் கட்டத்தில் டிக் போட்டாள். கையெழுத்து மட்டும் நான் போட்டேன். உறையை ஒட்டி, முத்திரை குத்தி, பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டு, கார்பன் பிரதியை என்னிடம் நீட்டினாள். மடிக்காமல் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

வரிசையை விட்டு விலகினேன், ஆனால் அங்கிருந்து போகவில்லை. தட்டில் உறை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒரு தப்பு நடந்துடுச்சும்மா, கொஞ்சம் கொடுங்க என்று கேட்டால் கொடுத்துவிடுவாள், பன்னிரண்டு வருஷப் பழக்கம். இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலு மணிக்குச் சாக்கு மூட்டையோடு ஆள் வந்தான், உறையை உள்ளே போட்டான், வாயைக் கட்டினான். ஐந்து மணிக்கு அந்த அம்மா ஜன்னலை மூடினாள். மூடுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். திருப்பிக் கேட்கவில்லை.